வஹாப் பாய் குறித்துக் கொடுத்த தேதி

நயாகாட்டுக்கு லாஞ்ச் வரும் நாட்களில், கயிறு கட்டி முடிப்பதற்குள் அதை ஓட்டிவரும் செராங் கீழே இறங்கி எங்காவது போய்விடுவார். ஜெட்டியை ஒட்டிய மளிகைக் கடையில் அப்துல் வஹாப் காத்திருப்பார் என்று அவருக்குத் தெரியும். ஏன் இன்று இருபது நிமிடம் தாமதம், வழியில் எங்கே நின்றது, நிற்கச் சொன்னது யார், அவருக்குச் சொன்னது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடியும் வரை விடமாட்டார். குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தேவிபட்டினத்திலிருந்து 1954இல் கப்பலேறி வந்தவர். போர்ட் பிளேரில் அபர்தீன் பஜாரில் தாய்மாமா கடையில் ஆறு வருடம் நின்றுவிட்டு, நடு அந்தமானின் கரையில் இருந்த இந்தச் சின்னக் குடியிருப்புக்கு மனைவி பஷீராவோடு வந்து சேர்ந்தார். அப்போது நயாகாட் என்பது ஒரு மர ஜெட்டி, ஒரு மரமில், தகரக் கூரை போட்ட ஐம்பது வீடுகள். கரையின் ஓரத்தில் கண்டல் காட்டுக்குள் ஒரு கழி நுழைந்து போகும். அதில் மூன்று மைல் உள்ளே போனால் பீத்தர் பஸ்தி, அதாவது உள்குடியிருப்பு. மரம் வெட்ட ராஞ்சியிலிருந்து வந்து அங்கேயே நிலம் திருத்தித் தங்கிவிட்ட குடும்பங்கள் அங்கே இருந்தன. பாதை கிடையாது. தோணிதான். கழியின் வாயில் ஒரு மணல்திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக ஏறும்போதுதான் ஆள் நிறைந்த தோணி அதைத் தாண்டும். ஆகவே பஸ்திக்காரர்கள் மாதம் இரண்டு முறை, கூட்டமாக, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்க வஹாப் கடைக்கு வருவார்கள்.

1962இல் கிராமப் பஞ்சாயத்து என்று ஒன்று வரப்போவதாகச் சொல்லி ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்து முற்றத்தில் எல்லாரையும் உட்கார வைத்து, பிரதான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். பிரதான் என்றால் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. வஹாப் எழுந்தார்.

"ஸாப், பிரதான் எழுதற காயிதம் யாருக்குப் போகும்?"

"தாசில்தாருக்கு."

"அவர் யாருக்கு அனுப்புவார்?"

"டெபுடி கமிஷனருக்கு."

"அங்கேயிருந்து திரும்பி வர எத்தனை நாள்? வரலேன்னா யாரைக் கேக்கணும்?"

ஏழாவது கேள்வியில் அதிகாரி குடையை மடக்கிவிட்டார். "ஆப் ஹீ பன் ஜாயியே, பாய்," என்றார். நீங்களே ஆகிவிடுங்கள் என்று அர்த்தம். கூட்டம் சிரித்தது. சிரித்த கையோடு கைகளைத் தூக்கியது. அதிகாரியோடு வந்த பியூனும் கையைத் தூக்கினான். வஹாபின் அரசியல் வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

அவர் வேலை செய்த விதம் தனி. மனுவில் "தயவுசெய்து ஆவன செய்யவும்" என்று எழுதவே மாட்டார். கேள்விதான் எழுதுவார். "லாஞ்ச் புதன்கிழமைகளில் லாங் ஐலண்டில் சும்மா நிற்பதாகக் கேள்விப்படுகிறோம். இது உண்மையா?" அவ்வளவுதான் கடிதம். அதையே மாதம் ஒரு முறை எழுதினார். பதினோராவது மாதம் புதன்கிழமையும் லாஞ்ச் வந்தது. இப்படியே கரைக்கு ஓர் உறைகிணறும், பள்ளிக்கூடத்துக்கு இன்னோர் அறையும் வந்தன. 1966இல் மறுபடியும் அவரே பிரதான். அப்போதும் கை தூக்கும் தேர்தல்தான். யார் கை தூக்கினார்கள், யார் தூக்குவதுபோல் தூக்கிக் காதைச் சொறிந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பஸ்திக்காரர்கள் பாதிப் பேர் தூக்கினார்கள். மீதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்பதும் அவருக்குத் தெரியும். நான்கு வருடத்தில் வந்தவை எல்லாம் கரைக்கு வந்தவை. பஸ்திக்குப் பாதை கேட்டு அவர் எழுதிய இருபத்தாறு கேள்விகளுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

மூன்றாவது தேர்தல் 1970இல். இந்த முறை பெட்டி, சீட்டு, மறைவு, முத்திரை என்று எல்லாம் உண்டு. போட்டியும் உண்டு. மரமில் மேஸ்திரி கோவிந்தராஜ் நின்றார். கடலூர்க்காரர். உரத்த குரல், நல்ல மனசு. பஸ்தி ஆண்களில் பாதிப் பேர் மில்லுக்கு மரம் இழுக்கிறவர்கள். கோவிந்தராஜுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள்.

"எவன் எவனுக்குப் போட்டான்னே தெரியாதாமே?" என்றாள் பஷீரா. "உங்களுக்கு எப்படி மச்சான் சோறு இறங்கும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் வஹாப்.

ஜனவரியில் தேர்தல் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெட்டியோடு அதிகாரி வருவதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்கியிருந்தார்கள்: பிப்ரவரி 22, அல்லது மார்ச் 1. எது வசதி என்று உடனே தெரிவிக்கவும். வஹாப் விரலை மடக்கி எண்ணினார். பிப்ரவரி 22 பௌர்ணமியை ஒட்டி வருகிறது. ஜெட்டியில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும். லாஞ்சைக் கட்டச் சிரமம். மார்ச் 1, பிறை இருபத்திரண்டு. தண்ணீர் சாந்தமாக இருக்கும். பத்து வருடமாக அவர் தன் சரக்குகளை இறக்கச் சொல்வது அந்த மாதிரி நாளில்தான். மூட்டை நனையாது, எண்ணெய் டின் கடலில் விழாது. "மார்ச் 1 வசதி" என்று எழுதி அன்றைய லாஞ்சிலேயே அனுப்பிவிட்டார். அவர் கேள்வி எதுவும் சேர்க்காமல் எழுதிய ஒரே கடிதம் அது.

பிப்ரவரி 21. பௌர்ணமித் தண்ணீரில் பஸ்தித் தோணிகள் வந்தன. பஸ்தியின் பெரிய தலை எத்வா. நாற்பது வயது, ஒல்லி. மில்லில் பழகிய தமிழும் தீவின் இந்தியும் கலந்து பேசுவார். கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பள்ளிக்கூட டீச்சர் விசாலாட்சி படித்துச் சொல்ல, எத்வா தேதியைக் கேட்டார். விரலை மடக்கினார். மறுபடி மடக்கினார்.

"பாய், அன்னிக்கு அஷ்டமிதானே?"

"ஆமா."

"அன்னிக்குக் காடியில பானி எங்கே?" என்றார் எத்வா. காடி என்றால் கழி. "திட்டு மேல முழங்கால் தண்ணிகூட நிக்காது. தோணி சலேகா நஹி. நாங்க எப்படி வர்றது?"

வஹாபின் கையில் உப்பு அளக்கும் படி இருந்தது. அதை அப்படியே வைத்தார்.

"தேதி யார் போட்டது?" என்று எத்வா கேட்டார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி ஏதோ சொன்னாள். எல்லாரும் வஹாபைப் பார்த்தார்கள். அவர்கள் கணக்கில் அது மிக எளிது. நாற்பத்தைந்து ஓட்டு பஸ்தியில் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை மேஸ்திரிக்கு. பஸ்தி வர முடியாத நாளாகப் பார்த்துத் தேதி போட்டது யாராக இருக்கும்?

"நான்தான்," என்றார் வஹாப். "நான் ஜெட்டியைத்தான் பார்த்தேன். கழியைப் பார்க்கலே."

எத்வா உப்பை வாங்கிக்கொண்டு போனார். வழக்கமாகத் தோணி புறப்படும் முன் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கும் டீயை அன்று குடிக்கவில்லை.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் இந்தப் பேரு போகாதே மச்சான்," என்றாள் பஷீரா, அவர்கள் போன பிறகு. கேலியில்லை. வஹாபுக்கும் அதுதான் தோன்றியது. எட்டு வருடம் ஒவ்வோர் அதிகாரியையும் எதனால், எப்படி என்று கேட்டவர், ஊரில் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டு ஜெயித்தார் என்றால், அப்புறம் யாரைப் பார்த்து என்ன கேட்பது?

அன்றே போலீஸ் வயர்லெஸ்ஸில் செய்தி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: தேதி அறிவித்தாகிவிட்டது, மாற்ற இயலாது. விசாலாட்சி டீச்சரிடம் போனார். அவர்தான் வாக்குச்சாவடிக்கு உதவி அலுவலர். தேர்தல் விதிப் புத்தகம் அவரிடம் வந்திருந்தது.

"டீச்சர், அவங்களை முந்தின ரெண்டு மூணு நாள்லயே, தண்ணி இருக்கும்போது கூட்டியாந்து, கரையில தங்க வச்சா?"

"அத்தனை பேருக்கும் யார் சோறு போடுவா? நீங்க போட்டீங்கன்னா வாக்காளருக்கு விருந்து வச்ச குத்தம் ஆயிடும் பாய். மேஸ்திரி போட்டாலும் அதேதான்."

"நான் தோணி அனுப்பினா?"

"வாக்காளரை ஏத்திட்டு வந்த குத்தம். அதுவும் இருக்கு." டீச்சர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார்.

வஹாப் சிறிது யோசித்தார். "சேத்து மேல பலகை போட்டா?"

டீச்சர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "பலகையைப் பத்தி ஒண்ணும் போடலே."

"யாரு வேணாலும் நடக்கலாமுல்ல? எனக்குப் போடறவங்களும், போடாதவங்களும்?"

"மாடுகூட நடக்கலாம்," என்றார் டீச்சர்.

பலகை இருப்பது மரமில்லில். மரத்தை அறுக்கும்போது முதலில் கழிந்து விழும், ஒரு பக்கம் பட்டையோடு இருக்கும் பக்கப்பலகைகள் மில்லுக்குப் பின்னால் குவியலாகக் கிடக்கும், அடுப்புக்குத்தான் போகும். அதைக் கொடுக்கச் சொல்ல வேண்டியவர் கோவிந்தராஜ். வஹாப் போனபோது அவர் ரம்பத்தின் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், ஓட்டுக் கேக்க வந்தீங்களா?"

"பலகை கேக்க வந்தேன்."

விவரத்தைக் கேட்டதும் கோவிந்தராஜ் ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். மில்லே அமைதியாகிவிட்டது.

"இருங்க. எனக்குப் போடுற ஆளுங்க வர்றதுக்கு, எங்கிட்ட பலகை வாங்கி, நீங்க பாதை போடுவீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"இதுல உங்களுக்கு என்னா இருக்குது? எங்கேயோ ஒரு சூழ்ச்சி இருக்குது. எனக்குத்தான் பிடிபடலே." அவர் உண்மையாகவே பிடிபடாமல் தலையைச் சொறிந்தார். "பலகையை, நடக்கிற ஆளைச் சேத்துல தள்ளி விடற மாதிரி போட்டுடுவீங்களோ?"

"அப்ப நீங்களும் கூட வந்து போடுங்க மேஸ்திரி."

"பின்ன? உங்களைத் தனியா விடுவேனா?"

ஒரு வேட்பாளரை ஒரு வேட்பாளர் காவல் காத்துக்கொண்டு, இரண்டு பேரும் இடுப்பு வரை சேற்றில் நின்று இரண்டு நாள் பலகை அடுக்கினார்கள். மணல்திட்டிலிருந்து கரை வரை முந்நூறு கெஜம். கோவிந்தராஜ் ஒவ்வொரு பலகையையும் மிதித்துப் பார்த்தார். ஒரு முறை வழுக்கி விழுந்தவரை வஹாப் கைகொடுத்துத் தூக்கினார். "இதுவும் பிரச்சாரமா?" என்றார் கோவிந்தராஜ், வாயிலிருந்த சேற்றைத் துப்பியபடி.

மார்ச் 1. பத்து மணிக்குத் தண்ணீர் முழுக்க வற்றியிருந்தது. பஸ்தி வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. கரைக்காரர்கள் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டு, பள்ளிக்கூட வேலிப் பக்கம் நின்று கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை மணிக்குக் கண்டல் மரங்களுக்கு நடுவில் வரிசையாகத் தலைகள் தெரிந்தன. தோணிகளைத் திட்டுக்கு உள்ளேயே நிறுத்திவிட்டு நடந்து வருகிறார்கள். முதலில் எத்வா. பலகைகள் ஓர் இரவில் பாதி இறங்கிப்போயிருந்தன. நடுவில் சில இடங்களில் பலகை இருந்த இடமே தெரியவில்லை. கையை ஊன்றி, ஒருவரையொருவர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கரையேறியபோது எல்லாரும் ஒரே நிறமாக இருந்தார்கள்.

வாசலில் விசாலாட்சி டீச்சர் ஒரு டிரம்மில் தண்ணீரும் ஒரு குவளையும் வைத்திருந்தார். "கை கழுவாம யாரும் உள்ள வரக் கூடாது. சீட்டுல கறை பட்டா செல்லாது." மார்ச் மாதம், கிணறு வற்றியிருந்தது, ஊருக்கே அந்த ஒரு டிரம்தான். முதலில் வந்தவர்கள் நன்றாகக் கழுவினார்கள். முப்பது பேர் கழுவியதும் டிரம்மில் இருந்ததும் சேறுதான். கடைசியில் வந்தவர்கள் அதில்தான் கழுவினார்கள்.

ஐந்து மணிக்குப் பெட்டியை மூடி, அங்கேயே எண்ணத் தொடங்கினார்கள். மொத்தம் நூற்று அறுபத்து மூன்று. போர்ட் பிளேரிலிருந்து வந்திருந்த அதிகாரி ஒவ்வொரு சீட்டாக விரித்துக் காட்டினார். மூன்று சீட்டில் முத்திரை இரண்டு சின்னத்துக்கும் நடுவில் விழுந்திருந்தது, அவை கழிந்தன. மீதியில் கோவிந்தராஜுக்கு எழுபத்தாறு. வஹாபுக்கு எழுபத்தேழு. தனியாக ஏழு சீட்டுகளை அதிகாரி எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு சேற்று விரல்.

"யே ஸாத்," என்றார் அதிகாரி. இந்த ஏழு. "வாக்காளரை அடையாளம் காட்டுகிற குறி இருந்தால் சீட்டு செல்லாது. வேட்பாளருக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம்." சொல்லிவிட்டு, ஏழில் எது யாருக்கு என்று தெரியும்படி மேசையில் பரப்பினார். ஆறு கோவிந்தராஜுக்கு. ஒன்று வஹாபுக்கு.

கோவிந்தராஜ் எழுபத்தாறையும் எழுபத்தேழையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டு, வஹாபைப் பார்த்தார். முதல் முறையாக அவர் குரல் தணிந்து வந்தது. "இதுதானா பாய் அந்தச் சூழ்ச்சி? ஏழும் கழிஞ்சு, நீங்க ஒரு ஓட்டுல ஜெயிக்கத்தான் பலகையா?"

வஹாபுக்குக் கோபம் வரவில்லை. அவர் அந்த ஒற்றைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் ரேகை தெளிவாக விழுந்திருந்தது. சின்ன விரல். ஓரத்தில் கோணலாக ஒரு தழும்பு, அரிவாள் பட்ட மாதிரி. யாருடையது? பஸ்தியில், தேதி போட்டவனைப் பற்றி அவ்வளவும் கேட்ட பிறகு, அந்தச் சேற்றில் விழுந்து எழுந்து வந்து, அவனுக்கே போட்டது யார்?

"ஸாப், ஒரு கேள்வி," என்றார். அதிகாரி பெருமூச்சு விட்டார். அவருக்கும் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல. "குறின்னா அவங்களா வேணும்னு வைக்கிறதுதானே? இது அவங்க வச்சதில்லே. நான் குறிச்ச தேதி வச்சது. இதுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லேன்னா?"

"அப்போது ஏழும் செல்லும்."

"அப்ப செல்லட்டும்."

எண்பத்திரண்டுக்கு எழுபத்தெட்டு. கோவிந்தராஜ் பிரதான் ஆனார். அவருடைய ஆட்கள் மேளம் அடித்தபடி மில்லுக்குப் போனார்கள். போகிற வழியில் கோவிந்தராஜ் மட்டும் கூட்டத்தைவிட்டுத் திரும்பி வந்து, "சூழ்ச்சி இன்னும் எனக்குப் பிடிபடலே பாய்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு வஹாப் பதவி ஏதும் வகிக்கவில்லை. கேள்விக் கடிதங்களை எழுதுவதை நிறுத்தவுமில்லை. புதுப் பிரதான் கையெழுத்துப் போட, பழைய பிரதான் எழுதுவார். அடுத்த மழைக்குப் பலகைகள் முழுக்க இறங்கிப்போயின. இரண்டு பேருமாக மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை கீழே கட்டை கொடுத்து.

ஆனால் அந்த விரல் அவரை விடவில்லை. பஸ்திக்காரர்கள் உப்பு வாங்கக் கை நீட்டும்போதெல்லாம் கட்டைவிரலைப் பார்ப்பார். மண்ணெண்ணெய் டின்னைப் பிடிக்கும் கையைப் பார்ப்பார். "போதும் மச்சான், கைரேகை பார்க்கிறவன்னு நெனைச்சு எல்லாரும் உள்ளங்கையை நீட்டப் போறாங்க," என்பாள் பஷீரா. தழும்பு எல்லார் கையிலும் இருந்தது. மரம் வெட்டுகிற கைகள்.

1974 தொடக்கத்தில் மறுபடியும் அதே மாதிரி ஒரு கடிதம் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், எது வசதி? கோவிந்தராஜ் அதை எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். "பிறை பார்த்துச் சொல்லுங்க பாய்."

"எங்கிட்ட கேக்காதீங்க," என்றார் வஹாப். "வாங்க, போய்க் கேப்போம்."

அமாவாசைத் தண்ணீரில் இரண்டு பேரும் கழிக்குள் போனார்கள். தோணியை வலித்தவர் எத்வா. தேதியை அவர் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது, கோவிந்தராஜ் அசதியில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, நான்கு வருடமாக அடக்கி வைத்திருந்ததை வஹாப் கேட்டார்.

"எத்வா, அன்னிக்குச் சேறு பட்ட சீட்டு ஏழு. அதுல ஒண்ணு எனக்கு விழுந்தது. யாருன்னு உனக்குத் தெரியுமா?"

எத்வா துடுப்பை நிறுத்தினார். "ஏக் ஹீ?" என்றார். ஒன்றுதானா?

"ஒண்ணுதான். அந்த ஒரு ஆளாவது என்னை நம்பினாரே."

எத்வா சிரிக்கத் தொடங்கினார். கோவிந்தராஜ் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "பாய், நாங்க எத்தனை பேர் வந்தோம்?"

"நாப்பத்தஞ்சு."

"ஏழு பேர் கைலதான் சேறு. மீதிப் பேர் ஹாத் தோகே போட்டோம். நல்லா கை கழுவி. நான்தான் முதல்ல கழுவினேன். டீச்சரம்மாவைக் கேளுங்க."

வஹாப் நான்கு வருடமாக ஏழு சீட்டைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். கரை ஓட்டு எத்தனை, பஸ்தி ஓட்டு எத்தனை என்று அவர் மனம் இப்போது அவசரமாகக் கூட்டியது. கரையில் விழுந்தது மொத்தம் நூற்றுப் பதினெட்டு, அதில் கோவிந்தராஜின் மில்காரர்களே அறுபதுக்குக் குறையாது, மிச்சம் ஐம்பத்தெட்டுதான். அப்படியானால் எழுபத்தெட்டு எங்கிருந்து வந்தது?

"அப்ப நீ யாருக்குப் போட்டே?"

எத்வா மறுபடி துடுப்பைப் போட்டார். தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. மணல்திட்டின் மேல் தோணி உரசாமல் போனது.

"வோ தோ பெட்டிக்குள்ள இருக்கு பாய்," என்றார்.